48 வோல்ட் பேன்டம் பவர்: குட்டி கன்வெர்ட்டரா, ஐந்து பேட்டரியா?

மாம்பலம்_வீணை:
அக்காவின் வீணையைப் பதிவு செய்ய ஒரு கன்டென்சர் மைக் வாங்கினேன். அந்த மாதிரி மைக்குக்குக் கேபிள் வழியாகவே 48 வோல்ட் கொடுக்க வேண்டும், அதுதான் பேன்டம் பவர். என் ரெக்கார்டரில் அது கிடையாது. ரிச்சி தெருவில் பொறுக்கிய பாகங்களை வைத்து நானே ஒரு கன்வெர்ட்டர் கட்டிவிட்டேன். பவர் பேங்கின் 5 வோல்ட்டை எம்சி34063 சிப் 24 ஆக்குகிறது. அந்தச் சிப் 40 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், பின்னால் இரண்டு டயோடு, இரண்டு கெப்பாசிட்டர் போட்டு இரட்டிப்பாக்கினேன். மொத்தமும் தீப்பெட்டி அளவு, மீட்டரில் 47.6. ஆனால் ஹெட்போனில் கேட்டால், தந்தியின் நாதம் அடங்கும் இடத்திலெல்லாம் கொசு மாதிரி ஒரு 'ஙீ'. என்ன செய்யலாம்?

பழைய_ரேடியோ:
தம்பி, கொசுவை வீட்டுக்குள் விட்டது நீங்கள்தான். மைக் பக்கத்தில் போய் யாராவது இப்படி ஓயாமல் ஆன்-ஆஃப் ஆகும் ஸ்விட்சிங் சர்க்யூட் வைப்பார்களா? 9 வோல்ட் பேட்டரி ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 45. தரநிலையே 44 முதல் 52 வரை விடுகிறது. வேலை முடிந்தது. அப்புறம், ரெக்கார்டர் பக்கம் 63 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டுத் தடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் 48 வோல்ட்டும் நேராக உள்ளே போய்விடும்.

சுருள்_பிரியன்:
சார், 45-இலிருந்து 44-க்குக் கீழே இறங்க ஒவ்வொரு பேட்டரியும் 0.2 வோல்ட் இழந்தால் போதும். அது புதுப் பேட்டரியின் முதல் கொஞ்ச நேரம்தான்.

பழைய_ரேடியோ:
இறங்கட்டுமே, மைக் அங்கேயே செத்துவிடாது. 48 என்ன வேதவாக்கா? 1966-இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நியூமன் கம்பெனி மைக் செய்தபோது, அவர்களுடைய ஸ்டூடியோவில் அவசர விளக்குக்கென்று 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 3 மில்லியாம்ப் இழுக்கும் மைக்குக்கு நல்ல ஆல்கலைன் நூறு மணி நேரமாவது வரும்.

சுருள்_பிரியன்:
வரலாறு சரி சார், தம்பியின் கொசு அப்படியே இருக்கிறதே! எம்சி34063 சீரான தாளத்தில் ஓடுகிற சிப் இல்லை. வோல்டேஜ் போதும் என்றால் நிற்கும், குறைந்தால் மறுபடி துடிக்கும். மைக் இழுப்பது சொற்பம், அதனால் அது நின்று நின்று துடிக்கிறது. துடிப்பு காதுக்கு எட்டாத வேகம்தான், ஆனால் அந்த நிறுத்தங்கள் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் வந்து விழும். 48-க்குப் பிறகு தொடராக 100 ஓம், அங்கிருந்து தரைக்கு 100 மைக்ரோஃபாரட் போடுங்கள். 3 கிலோஹெர்ட்ஸில் இரைச்சல் ஏறக்குறைய 200 மடங்கு குறையும். 10 மில்லியாம்ப் போனாலும் இழப்பு 1 வோல்ட்தான்.

இன்னொன்று. 48 வோல்ட்டை மைக் கேபிளின் இரண்டு சிக்னல் கம்பிகளுக்கும் கொண்டுபோகும் அந்த இரண்டு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர்களை அளந்து பார்த்தீர்களா? மிச்ச இரைச்சல் அந்தக் கம்பிகள் சேரும் 2, 3 பின்கள் இரண்டிலும் ஒரே அளவில் போனால், இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் பேலன்ஸ்டு இன்புட் அதைக் கழித்துவிடும். ஜோடி 0.4 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும்.

மாம்பலம்_வீணை:
தடுப்புக் கெப்பாசிட்டர் இருக்கிறது சார். ரெசிஸ்டர்தான் மானத்தை வாங்கியது: ஒன்று 6.71, இன்னொன்று 6.94! பத்து ஒரு சதவீத ரெசிஸ்டர் வாங்கி அளந்ததில் 6.79, 6.80 என்று ஒரு ஜோடி தேறியது. ஃபில்டரும் போட்டாயிற்று. கொசு போன மாதிரிதான். கன்வெர்ட்டரின் காயில் மட்டும் மூடாத ரகம், மைக் கேபிளைப் பக்கத்தில் கொண்டுபோனால் லேசாக முனகுகிறது. இப்போது எல்லாமே ஒரு பெருங்காயத் தகர டப்பாவுக்குள் இருக்கிறது. வாசனை போகவில்லை, முனகல் போய்விட்டது.

பழைய_ரேடியோ:
ஃபில்டர், பொறுக்கிய ஜோடி, தகர டப்பா. என் பேட்டரிக்கு இதில் எதுவும் வேண்டாம். ஒரே வீணை, இரண்டு பதிவு, எது எதென்று சொல்லாமல் இங்கே போடுங்கள். நான் கண்டுபிடிக்கிறேன்.

சுருள்_பிரியன்:
சம்மதம். பேட்டரி மட்டும் உங்கள் மேஜை டிராயரில் இப்போது கிடக்கிறதே, அதே ஐந்து.

பழைய_ரேடியோ:
புதுசு வாங்கிக்கொள்கிறேன்.