மாதவிடாயில் அளவுக்கு மீறிய உதிரப்போக்கு: எங்கிருந்து தொடங்குவது?

கார்த்திகைப்பூ கேட்டது:

தங்கைக்காகக் கேட்கிறேன். வயது 34. பீரியட்ஸ் எட்டு நாள் வரை இழுக்கிறது; இரண்டாம், மூன்றாம் நாள்தான் கொடுமை. பெரிய சைஸ் பேட் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, கட்டி கட்டியாகவும் விழுகிறது. ஹீமோகுளோபின் 9.8. டாக்டரிடம் தேதி வாங்கியாயிற்று, ஆனால் அதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும்.

தெரிய வேண்டியது இதுதான். "நிறைய போகுது" என்று சொன்னால் டாக்டருக்குப் போதுமா, அளந்து சொல்ல வழி உண்டா? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட் வைத்தும் இரவில் கசிவது ஏன்? மாத்திரைகளில் போக்கைக் குறைப்பது எது, வலிக்கு மட்டும் கேட்பது எது? இரும்பு மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பது எதனால்?

தாழம்பூ:

அளந்து சொல்ல வழி இருக்கிறது. படம் போட்ட மதிப்பெண் அட்டவணை ஒன்று 1990 முதல் புழக்கத்தில் உள்ளது. லேசாகக் கறை பட்ட பேடுக்கு 1, பாதி நனைந்ததற்கு 5, முழுக்க ஊறியதற்கு 20. சிறிய கட்டிக்கு 1, பெரியதற்கு 5. உடையைத் தாண்டி வழிந்தால் அதற்கும் 5. ஒரு சுற்று முழுவதையும் கூட்டி 100க்கு மேல் வந்தால் அதிகப் போக்கு என்று கொள்வார்கள். உங்கள் தங்கைக்கு முழுக்க நனைந்த பேட் ஒரே நாளில் ஆறு என்றாலே 120 ஆகிவிடுகிறது, மற்ற நாட்களைக் கூட்டவே வேண்டாம். போனில் ஒரு குறிப்பு திறந்து, பேட் மாற்றும்போதெல்லாம் நேரத்தையும் எண்ணையும் போட்டுவரச் சொல்லுங்கள். பிறகு யோசித்து எழுதினால் கணக்கு நிச்சயம் தப்பும்.

நீளமான இரவு பேட் சாதாரண பேடைவிட நிறைய இழுக்கும். அதனால் "பாதி நனைந்தது" என்று எழுதியது உண்மையில் கூடுதலாக இருக்கலாம். எந்த சைஸ் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து ரத்தத்தைச் சேகரிக்கும் சிலிக்கான் கிண்ணம்) பயன்படுத்துபவர்களுக்கு மி.லி. கோடே இருக்கிறது. ஆனால் அதில் சேர்வது முழுவதும் ரத்தமல்ல, கருப்பையின் உள்சவ்வும் திரவமும் கலந்தது. புத்தகத்தில் சொல்லும் 80 மி.லி. எல்லை ரத்தத்துக்கு மட்டுமானது. கப் கணக்கு 90 வந்தது என்று பதற வேண்டாம், 60தானே என்று அலட்சியமும் வேண்டாம். இப்போது டாக்டர்கள் மி.லி.யைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. வேலைக்கும் தூக்கத்துக்கும் இடைஞ்சல் என்றால் அதுவே சிகிச்சைக்குப் போதுமான காரணம்.

கட்டி விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பைக்குள் ரத்தம் உறையாமல் கரைத்துவிடும் ஏற்பாடு உண்டு. போக்கு அதன் வேகத்தை மிஞ்சும்போதுதான் கட்டியாகிறது. குறுக்களவு 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் எழுதி வையுங்கள்.

தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. மணிக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, எழுந்தால் கண் இருட்டி, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கினாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் முதலில் அந்தப் பரிசோதனை. நாள் தள்ளிப்போய் வந்த பெரும்போக்கை வெறும் பீரியட்ஸ் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

மழைத்துளி:

கசிவுக்கு நான் சொல்கிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட் வைப்பது வீண்வேலை. பேடின் அடியில் ரத்தம் இறங்காத பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. மேல் பேட் நிறைந்தால் ரத்தம் கீழ் பேடுக்கு இறங்காது, பக்கவாட்டில்தான் ஓடும். இரண்டும் வேண்டுமென்றால் நீளவாக்கில் வையுங்கள்: ஒன்று முன்னால், இன்னொன்று இடுப்புப் பட்டி வரை பின்னால், நடுவில் நான்கு விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். மல்லாந்து படுப்பவர்கள் முன் பேடின் நுனியைப் பின் பேடின் மேல் வைக்க வேண்டும், அப்போதுதான் வழிவது நேராக அடுத்ததில் விழும்.

மல்லாந்து படுத்தால் ரத்தம் பேடுக்கு வராமல் பின்புறப் பிளவு வழியாக முதுகுப் பக்கம் ஓடுகிறது. பெரும்பாலான படுக்கைக் கறை இதனால்தான். டிஷ்யூ தாளைச் சுருட்டி, விரல் தடிமனில் அந்தப் பிளவில் வைத்துப் படுத்தால் அந்த ஓட்டம் நிற்கும். கேட்க ஒருமாதிரி இருந்தாலும் நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, காலையில் எழுந்தவுடன் குபுக்கென்று கொட்டுவது. படுத்திருக்கும்போது ரத்தம் பிறப்புறுப்புக்குள்ளேயே தேங்கி நிற்கும். எழுந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கும். பேடில் உள்ள உறிஞ்சும் துகள்களுக்கு அதை இழுக்கச் சற்று நேரம் வேண்டும். அதற்குள் மேலாக ஓடி ஓரத்தில் வழிந்துவிடும். கட்டி விழுந்தால் இன்னும் மோசம், அது உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஆகவே கட்டிலிலேயே ஒரு பக்கமாகத் திரும்பி, தொடைகளைச் சேர்த்து வைத்தபடி எழுந்து, நேராகக் கழிப்பறையில் போய் ஒரு நிமிடம் உட்கார்ந்து தேங்கியது இறங்கிய பிறகு புது பேட் வைக்க வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான்.

தளர்ந்த உள்ளாடையில் எவ்வளவு நல்ல பேடும் கசியும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். அந்த இரண்டு இரவுகளுக்கு மட்டும் பெரியவர்களுக்கான பேண்ட் மாதிரி டயப்பர் போட்டுக்கொண்டு தூங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பீரியட் உள்ளாடையைப் பேடுக்கு மேல் காவலாகப் போடலாம். பெரும்போக்கு நாளில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கப் பெரும்பாலும் 25 முதல் 30 மி.லி. பிடிக்கும். 12 மணி நேரம் வரை வைக்கலாம் என்பது சாதாரண நாளுக்கு. உங்கள் தங்கைக்கு இரண்டாம் நாளில் மூன்று மணி நேரத்திலேயே நிறைந்துவிடலாம். நிறையாமலே கசிந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள். உள்ளே முழுதாக விரிந்திருக்கிறதா? அடிப்பாகத்தைச் சுற்றி விரலை ஓட்டினால் மடிப்பு தட்டுப்படும். விளிம்புக்குக் கீழே உள்ள சின்னத் துளைகள் அடைத்திருக்கின்றனவா? கருப்பை வாய் தாழ்வாக இருந்து கப்புக்குள் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா? கடைசிக் காரணம் என்றால் குட்டையான, அகலமான வகைக்கு மாற வேண்டும். கருப்பைக்குள் கருத்தடைச் சாதனம் பொருத்தியவர்கள் கப்பை அப்படியே இழுக்கவே கூடாது. அடியைக் கிள்ளிக் காற்றை உள்ளே விட்ட பிறகுதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் சாதனமும் சேர்ந்து வரும் அபாயம் உண்டு. டாம்பான் (உள்ளே வைக்கும் பஞ்சு உருளை) என்றால் 8 மணி நேரத்துக்கு மேல் ஒருபோதும் வேண்டாம்.

கறைக்குச் சுடுநீர் ஆகாது, ரத்தத்தின் புரதம் வெந்து நூலில் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் அலசி, என்சைம் கலந்த சோப்புத்தூளில் ஊறவைத்தால் போதும்.

மாத்திரைப்பட்டை:

மருந்தைப் பற்றிச் சொல்வது டாக்டரிடம் தெளிவாகப் பேசுவதற்காக. தானாக வாங்கிப் போடுவதற்கல்ல.

போக்கை நேரடியாகக் குறைப்பது டிரானெக்சாமிக் ஆசிட். இது ஹார்மோன் அல்ல. கருப்பையில் உருவாகும் உறைவு சீக்கிரம் கரைந்துவிடாமல் காக்கிறது. வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, பெரும்போக்கு தொடங்கியதிலிருந்து அதிகபட்சம் நான்கு நாள். பலருக்குப் போக்கு பாதியளவு குறையும். "போட்டேன், கேட்கவில்லை" என்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரு மாத்திரை, நாளுக்கு ஒரு முறை, அதுவும் நான்காம் நாளில் தொடங்கியிருப்பார்கள். அந்த மருந்து உடலில் நெடுநேரம் தங்காது, வேளை தவறினால் பலன் போய்விடும். முன்பே தொடங்கி வைப்பதிலும் பயனில்லை. காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் கூடாது. வலிப்பு வந்தவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மெஃபெனமிக் ஆசிட் 500 மி.கி., மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். வலியையும் குறைக்கும், போக்கையும் ஓரளவு குறைக்கும். ஆனால் டிரானெக்சாமிக் அளவுக்கு அல்ல. இரண்டையும் சேர்த்தே எழுதித் தருவார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும், வலி மாத்திரையால் மூச்சிழுப்பு வருபவர்களும் தவிர்க்க வேண்டும். பாராசிட்டமால் வலிக்கு மட்டும்தான். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், போக்கு கூடும். இதய நோய்க்காக டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நிற்காத போக்கை நிறுத்த நோரெதிஸ்டரோன் என்ற ஹார்மோன் மாத்திரை 5 மி.கி. மூன்று வேளை தருவதுண்டு. மாத்திரையை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மறுபடி ரத்தம் வரும். மருந்து தோற்றுவிட்டது என்று பலர் பயந்துபோய் மீண்டும் தொடங்கிவிடுகிறார்கள். அது எதிர்பார்த்த போக்குதான்.

நீண்ட நாள் தீர்வுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் 52 மி.கி. உள்ள, கருப்பைக்குள் வைக்கும் சாதனம். சீக்கிரத்தில் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகக் கறை படும், அதைத் தாங்கிவிட்டால் போக்கு வெகுவாகக் குறையும், சிலருக்கு நின்றேவிடும். இதைக் காப்பர்-டியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது போக்கைக் கூட்டக்கூடியது. தங்கைக்கு ஏற்கெனவே காப்பர்-டி இருந்தால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

இரும்புக் கணக்கு இப்படி. 1 மி.லி. ரத்தத்தில் சுமார் அரை மி.கி. இரும்பு இருக்கும். ஒரு சுற்றில் 80 மி.லி. போனால் 40 மி.கி. போயிற்று. உணவிலிருந்து குடல் ஏற்பது நாளுக்கு 1 முதல் 2 மி.கி. மட்டும், அதிலும் அன்றாட இழப்புக்கே ஒரு பங்கு போய்விடும். போக்கை அடக்காமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

மாத்திரை அட்டையில் "தனிம இரும்பு", அதாவது உப்பின் எடை போக நிஜமான இரும்பு, எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் சல்ஃபேட் 200 மி.கி. மாத்திரையில் இரும்பு 65 மி.கி.தான். நாளுக்கு ஒன்று போதும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வேளை போட்டதும் கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி அடுத்த 24 மணி நேரம் குடலின் ஏற்பைக் குறைத்துவிடும், அதனால் நாளுக்கு மூன்று போட்டால் மூன்று மடங்கு ஏறாது, மலச்சிக்கல்தான் மிஞ்சும். வெறும் வயிறு நல்லது. டீ, காபி, பால் ஒரு மணி நேரமாவது தள்ளி. கால்சியம், அமில முறிவு மருந்தும் வேறு வேளையில். தைராக்சின் (தைராய்டு மாத்திரை) போடுபவர்கள் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

ஒழுங்காகப் போட்டால் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். 12ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. சேமிப்பு நிறைய அதன் பிறகும் மூன்று மாதம் போட வேண்டும். ஏறவே இல்லை என்றால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள். 15க்குக் கீழே என்றால் இரும்புக் குறை உறுதி, 30க்குக் கீழே என்றாலும் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் பொய்யாக உயர்ந்து காட்டும். ஃபெரிட்டின் நன்றாக இருந்து, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) குறைவாகவும் சிவப்பணு எண்ணிக்கை கூடுதலாகவும் இருந்தால் அது தலசீமியா கூறாக (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறையின் லேசான வடிவம்) இருக்கலாம். அதற்கு இரும்பு பதில் இல்லை. குடல் இரும்பை ஏற்காதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம்.

வயதுக்கு வந்த முதல் சுற்றிலிருந்தே இப்படியா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்கவில்லையா, சும்மா சும்மா தோலில் நீலம் பாய்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் வான் வில்பிராண்ட் (ரத்தம் சரியாக உறையாத பரம்பரைக் குறை) சோதனை கேட்டு வாங்குங்கள், இது அடிக்கடி தவறவிடப்படுகிறது. உடல் பருத்தல், குளிர் தாங்காமை, முடி உதிர்தல் சேர்ந்திருந்தால் தைராய்டும்.

கார்த்திகைப்பூ:

எல்லோருக்கும் நன்றி. காப்பர்-டி இல்லை. பழைய ஸ்கேன் அறிக்கை ஒன்றில் "ஃபைப்ராய்டு 2 செ.மீ." (கருப்பைத் தசைக் கட்டி) என்று மட்டும் இருக்கிறது. சின்னதுதான், கவலை வேண்டாம் என்றார்களாம். அப்படி விட்டுவிடலாமா? மறு ஸ்கேனை எந்த நாளில் எடுப்பது?

தாழம்பூ:

ஃபைப்ராய்டில் அளவைவிட இடம்தான் முக்கியம். வெளிச்சுவரில் 6 செ.மீ. இருந்தும் போக்கே கூடாமல் இருப்பார்கள். உள்சவ்வுக்கு அடியில் இருந்து கருப்பைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் 2 செ.மீ. போதும், இந்தப் பாடு படுத்த. அப்படி உள்ளே துருத்தியது என்றால் வயிற்றைக் கிழிக்காமல் ஹிஸ்டரோஸ்கோப் (கருப்பை வாய் வழியாக உள்ளே விடும் மெல்லிய கேமராக் குழாய்) வழியாகவே பெரும்பாலும் எடுத்துவிடலாம். கருப்பையையே எடுக்கும் பேச்சு அதற்கெல்லாம் பிறகுதான் வர வேண்டும்.

ஸ்கேனை ரத்தம் நின்ற அடுத்த சில நாட்களில், பிறப்புறுப்பு வழியாக எடுப்பது நல்லது. அப்போது உள்சவ்வு மெல்லியதாக இருக்கும், பாலிப் (உள்சவ்வில் வளரும் சதைத் துண்டு) இருந்தாலும் பளிச்சென்று தெரியும். அடினோமயோசிஸ் (உள்சவ்வு கருப்பைத் தசைக்குள் வளர்வது) உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் உப்புநீர் செலுத்தி எடுப்பார்கள். 45 வயதுக்கு மேல், அல்லது நடுநடுவே ரத்தம் படுதல், பிசிஓஎஸ்ஸோடு (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) கூடிய உடல் பருமன் என்றால் உள்சவ்வுத் திசுவையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

புது அறிக்கையில் ஃபைப்ராய்டு எந்த அடுக்கில், எத்தனை, உள்ளே எவ்வளவு துருத்தியிருக்கிறது என்று இல்லையென்றால், கிளம்புவதற்கு முன்பே ஸ்கேன் எடுத்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.