கிட் (git, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) தரும் வரியை அப்படியே ஸ்கிரிப்டுக்குள் விட்டு மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

நான் கோத்தகிரி. சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை எடை போட்டு வாங்குகிறவர்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கிட்டில் ஒரு கிளை, அதாவது நிரலின் தனிப் பிரதி. எதில் கடைசியாக என்ன மாறியது என்று தினமும் ராத்திரி 11 மணிக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) பட்டியல் எடுத்து மெயில் போடும்.

நவம்பரில் மூன்று நாள் மெயில் வரவில்லை. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால் அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்தேன். நாலாம் நாள் பார்த்தால், மேற்கோள் குறி மூடப்படவில்லை என்று சொல்லி ஸ்கிரிப்ட் பாதியில் செத்துக் கிடக்கிறது.

கூட வேலை பார்க்கும் தம்பி கமிட் செய்தியை (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பு) ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். 'டோன்ட்' (don't) என்று எழுதும்போது நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் வருமே, அதுதான் வினை. நான் கிளைகளைப் பட்டியலிடும் ஃபார்-ஈச்-ரெஃப் (for-each-ref) கட்டளையில் செய்தியைச் சுற்றி என் கையாலேயே ஒற்றை மேற்கோள் போட்டு, வந்ததை அப்படியே இவால் (eval, எழுத்தையே கட்டளையாக ஓட்டுவது) செய்துகொண்டிருந்தேன்.

ஃபார்-ஈச்-ரெஃபுக்கு --ஷெல் (--shell) என்று ஒரு விருப்பம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மேற்கோளை அதுவே போட்டுக்கொள்ளும். உள்ளே ஒற்றை மேற்கோள் வந்தால் '\'' என்று மாற்றும். அதாவது மூடு, பின்சாய்கோட்டோடு ஒன்று, மறுபடி திற. சரி, சேர்த்தேன். ஆனால் நான் போட்டிருந்த பழைய மேற்கோளை எடுக்க மறந்துவிட்டேன். இப்போது வரி இப்படி வந்தது:

msg=''எடை திருத்தம்''

இரண்டு பக்கமும் வெற்று மேற்கோள், நடுவில் செய்தி அம்மணமாக நிற்கிறது. 'திருத்தம்' என்று ஒரு கட்டளை இல்லையே என்று ஷெல் என்னிடமே கேட்டது. சிரிப்பு வந்தாலும், அந்த இடத்தில் வேறு சொல் இருந்திருந்தால் அதை ஓட்டியிருக்கும் என்று நினைத்ததும் வயிறு கலங்கியது.

குன்னூரிலிருந்து:

அண்ணா, செய்தியை விடுங்கள், கிளைப் பெயரைப் பார்த்தீர்களா? இடைவெளி, முக்காற்புள்ளி, நட்சத்திரம், பின்சாய்கோடு இதையெல்லாம் கிட் பெயரில் விடாது. ஆனால் டாலர் குறியும் வளைவு அடைப்புக்குறியும் தாராளமாக வரலாம். $( ) என்பது உள்ளே இருப்பதைக் கட்டளையாக ஓட்டும் குறி; அதைப் போட்டு ஒருவன் கிளை வைத்தால், மேற்கோள் இல்லாத இவால் அதையும் ஓட்டிவிடும். வெளியாள் கிளை அனுப்பும் இடத்தில் இது விளையாட்டல்ல.

என் கதை வேறு. ஷெல்லில் இருந்ததைப் பைத்தானுக்கு மாற்றினேன், --ஷெல் மட்டும் பழையபடியே இருந்தது. அந்த '\'' பைத்தானுக்குப் புரியாது, இலக்கணப் பிழை என்று விழுந்தது. --பைத்தான் என்று மாற்றினால் ஒற்றை மேற்கோளுக்கு முன்னால் வெறும் பின்சாய்கோடு வைக்கும், வரி முறிந்தால் அதையும் குறியீடாக்கிவிடும். பெர்ல், டிக்கிள் (Tcl) என்ற நிரல்மொழிகளுக்கும்கூடத் தனித்தனி விருப்பம் உண்டு. டிக்கிளுக்கு இரட்டை மேற்கோள் போட்டு, சதுர அடைப்பையும் டாலரையும்கூடத் தடுக்கிறது. ஒரு மொழிக்குச் செய்த காப்பு இன்னொன்றுக்குச் செல்லாது என்பதை அரை நாள் போன பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

கூடலூரிலிருந்து:

எனக்குத் தமிழாலேயே வந்தது. கோப்புக்கு 'ஊர்' என்று பெயர் வைத்திருந்தேன். மாறிய கோப்புகளைக் கிட்டிடம் கேட்டால் இரட்டை மேற்கோளுக்குள் \340\256\212 என்று தொடங்கி ஒரு எண் ரயில். ஊ என்ற ஒரே எழுத்துக்கு மூன்று பைட், ஒவ்வொன்றையும் எட்டடிமான எண்ணாக எழுதிவிடுகிறது. ஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் கோப்பைத் தேடி, இல்லை என்று கைவிரித்தது.

முதலில் அந்த எண்களைத் திருப்பி எழுத்தாக்க நானே நிரல் எழுதினேன். வேண்டாத வேலை. கிட்டின் கோட்பாத் (core.quotePath) அமைப்பை அணைத்தால் தமிழ் தமிழாகவே வரும், ஆனால் பெயரில் இரட்டை மேற்கோளோ டேபோ இருந்தால் மறுபடியும் சுற்றிக் கட்டும். கடைசியில் -இசட் (-z) விருப்பத்தைப் போட்டேன். எதையும் மாற்றாமல், பெயருக்குப் பெயர் நல் பைட் (மதிப்பு பூஜ்யமான பைட்) வைத்துப் பிரித்துத் தருகிறது. லினக்ஸில் கோப்புப் பாதைக்குள் அந்த பைட் வரவே வராது, அதனால் குழப்பத்துக்கு இடமில்லை.

மறுபடி கோத்தகிரி:

பட்டியலை ஜேசனாக (JSON, தரவை எழுதும் ஒரு பொது வடிவம்) எடுக்கலாம் என்றால், ஃபார்-ஈச்-ரெஃபில் அதற்கு விருப்பம் இல்லை. கமிட் வரலாற்றைக் காட்டும் லாக் (log) கட்டளையிலோ --ஷெல்லும் கிடையாது. அதனால் இவாலைத் தூக்கிவிட்டேன். லாக்கில் நல் பைட்டால் பிரித்து வாங்கி, ஜேசனைப் பைத்தானிடம் கட்டச் சொல்லியிருக்கிறேன். தம்பி இன்னும் 'டோன்ட்' என்றே எழுதுகிறான். மெயில் 11 மணிக்கு வந்துவிடுகிறது, கரண்ட் இருந்தால்.