பிரீச் பிளக் எதைத் தேர்ந்தெடுப்பது? பிரைமர் பக்கம் வாயு கசிகிறது

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றைப் புதுக் குழல் பொருத்தி, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வகைக்கு மாற்றியிருக்கிறேன். .50 காலிபர், குழலின் உட்புரி 28 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு, மருந்தைப் பற்றவைக்க 209 பிரைமர் (சிறு வெடிமூடி), கருமருந்துக்கு மாற்றான தூள் மட்டுமே. தொடக்கத்தில் நன்றாகவே சுட்டது. இந்தப் பருவத்தில் பிரைமரைச் சுற்றி வாயு பின்னோக்கிக் கசிகிறது; போல்ட் முகத்தில் கரி வளையமாகப் படிந்து பிசுபிசுவென ஒட்டுகிறது. சில நேரம் பிரைமர் வெடித்த பின் சற்றுத் தாமதித்தே மருந்து பற்றுகிறது. அதுதான் பெரிய கவலை, சுடுவதை நிறுத்திவிட்டேன்.

குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்கைக் கழற்றி மரையைத் துலக்கினேன், ஓ-ரிங் மாற்றினேன், வேறு பிரைமரும் போட்டேன். பயனில்லை. பிளக்கில் பிரைமரின் தீ மருந்துக்குச் செல்லும் தீத்துளை 0.030 அங்குலத்திலிருந்து 0.036 வரை அரித்திருக்கிறது.

அதே வகைப் பிளக்கையே புதிதாகப் போடுவதா, தீத்துளைப் பகுதியை மட்டும் தனியே மாற்றக்கூடிய பிளக்குக்குப் போவதா?