திருமலை வீட்டுக்கு எஸ்பிரசோ மெசினும் கிறைண்டரும்: ரொறன்ரோ மெசின் சரிவருமா?

உப்புவெளிப் பிள்ளை:

வணக்கம். வீட்டில் எஸ்பிரசோ போட ஒரு மெசினும் கிறைண்டரும் வாங்க நினைக்கிறேன். கையில் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது. காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குப் பால் இல்லாமல் ஒன்று, அம்மாவுக்குப் பாலோடு ஒன்று. அவ்வளவுதான் தேவை.

ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வருகிறார். தான் பாவித்த மெசினைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். அதன் அடியில் 120 வோல்ட் என்று ஒட்டியிருக்கிறது. டிரான்ஸ்போமர் போட்டால் ஓடும் என்கிறார். ஓடுமா? கிறைண்டர் கட்டாயம் வேண்டுமா, மிக்சியில் அரைத்தால் போதாதா? கடைகளில் 15 பார், 20 பார் என்று அழுத்தத்தின் அளவை எழுதியிருக்கிறார்கள், கூடினால் நல்லதா? வீடு கடலுக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர்.

பாலையூற்று ரசிகன்:

கிறைண்டரும் சேர்ந்த ஒரே மெசினாக எடுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் பிரெவில் பரிஸ்டா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. குசினியில் இடம் மிச்சம், ஒரு வயர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புதிதாக வாங்க உங்கள் பணம் காணாது, பாவித்தது கிடைத்தால் பாருங்கள்.

உவர்மலை வைண்டர்:

தங்கச்சி, நான் உவர்மலையில் மோட்டர் வைண்டிங் செய்கிறவன். தண்ணீர்ப் பம்ப், மிக்சி, பேன் என்று பகலெல்லாம் சுருளும் வார்னிஷும்தான். அதனால் அத்தானின் மெசினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது வேண்டாம்.

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ட்டைத்தான் இறக்கும், ஹேர்ட்ஸில் கை வைக்காது. வீட்டு மெசின்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வுப் பம்ப். ஒரு செம்புச் சுருள், அதற்குள் சின்னப் பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். கரண்டின் அலை ஒவ்வொன்றுக்கும் பிஸ்டன் ஒரு தரம் அடிக்கும். 60க்குக் கட்டிய பம்ப் இங்கே செக்கனுக்கு 50 தரம்தான் அடிக்கும், சுருளும் கூடுதலாகச் சுடும். சுருள் சுட்டால் கம்பியைக் காக்கும் வார்னிஷ் போகும். அப்புறம் அது என் மேசைக்குத்தான் வரும்.

1,400 வாட் மெசினுக்கு 2,000 வாட் டிரான்ஸ்போமராவது வேண்டும். அது நல்ல பாரம். யாராவது மறந்துபோய் மெசினை நேரே சுவரில் குத்திவிட்டால் வோல்ட் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வெப்பச்சுருள் இழுக்கும் வாட் மூன்றரை மடங்குக்கும் மேல். அம்மா தனியே இருக்கும் வீட்டில் அந்தப் பயம் எதற்கு? லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே கேளுங்கள். அங்கும் 230, 50தான், பிளக்கும் எங்கள் சதுரப் பின் பிளக்தான். அத்தான் ஏதாவது தரவேண்டும் என்று ஆசைப்பட்டால் நல்ல கைக் கிறைண்டர் ஒன்று கொண்டுவரட்டும். அதற்கு வோல்ட்டும் இல்லை, ஹேர்ட்ஸும் இல்லை.

கிறைண்டர் கட்டாயமா என்று கேட்டீர்கள். மெசினைவிட அதுதான் கட்டாயம். மிக்சியில் ஒரு பிடி கொட்டையை அரைத்து வெள்ளைத் தட்டில் பரப்பி விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பங்கு மாவாக விரலில் ஒட்டும், பக்கத்திலேயே கடுகளவு துண்டுகள் கிடக்கும். மிக்சி பிளேட் கண்டபடி வெட்டும், ஒரே அளவாக அரைக்காது. அந்தத் தூளை மெசினின் கூடையில், அதாவது தூள் போடும் துளைக் கிண்ணத்தில், அமத்தித் தண்ணீரை விட்டால், தண்ணீர் இளகின இடத்தைப் பிடித்து ஒரு பக்கத்தால் பாய்ந்துவிடும். பாய்ந்த இடத்துத் தூளிலிருந்து கைப்பு, பாயாத இடத்திலிருந்து புளிப்பு. இரண்டும் ஒரே கோப்பையில் வந்து விழும்.

நல்ல கிறைண்டரில் இரண்டு பற்சில்லுகளுக்கு இடையே கொட்டை நசிந்து இறங்கும். இடைவெளியை நீங்கள்தான் திருத்துவீர்கள். எல்லோரும் தொடங்கும் கணக்கு இது: 18 கிராம் தூள் போட்டு 36 கிராம் கோப்பி எடுப்பது, 25 முதல் 30 செக்கனுக்குள். 15 செக்கனில் ஓடி முடிந்தால் இன்னும் நைசாக அரைக்கவேண்டும். 45 செக்கனாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பருமனாக்கவேண்டும். இதற்குப் படிகள் நுண்ணியதாக இருக்கவேண்டும். கைக் கிறைண்டர்களில் கிங்கிறைண்டர் கே6இல் ஒரு கிளிக், அதாவது ஒரு படி, 16 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்). 1இசட்பிரெசோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரோன். டைம்மோர் சி2 பில்டர் கோப்பிக்கு அருமையான சாமான், ஆனால் எஸ்பிரசோவுக்கு அதன் படி பெரிது, ஒரு கிளிக் தாண்டினாலே நேரம் எங்கேயோ போய்விடும். கரண்டில் ஓடுவதுதான் வேண்டும் என்றால் பராட்சா என்கோர் ஈஎஸ்பியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கோப்பைக்குக் கை போதும் என்பேன்.

15 பார், 20 பார் என்பது பம்பின் உச்சபட்சம். தூளுக்கு வேண்டியது 9 பார் அளவுதான். அந்த எண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்.

மெசின் என்றால், கிறைண்டருக்கு ஒதுக்கியபின் மிச்சத்தைப் பாருங்கள். டெலோங்கி டெடிக்கா சின்னது, இங்கே கிடைக்கும். அதோடு வரும் கூடை இரட்டைச் சுவர்க் கூடை, அடியில் ஒரே ஒரு துளை. எந்தத் தூளைப் போட்டாலும் மேலே நுரை காட்டும், அந்த நுரையை நம்பவேண்டாம். 51 மில்லிமீற்றர் ஒற்றைச் சுவர்க் கூடை தனியே வாங்கிப் போட்டால்தான் கிறைண்டருக்குச் செய்த செலவு நாக்கில் தெரியும். லண்டன் வழி திறந்தால் காஜியா கிளாசிக். 58 மில்லிமீற்றர், கடைகளில் பாவிக்கும் அதே அளவு. உள்ளே எல்லாவற்றையும் கழற்றலாம், மாற்றலாம். எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒரே பொயிலர் என்பதால் கோப்பி எடுத்தபின் பால் நுரைக்கும் ஆவிக்குச் சூடு ஏறும்வரை கொஞ்சம் நிற்கவேண்டும், இரண்டு பேருக்கு அது பெரிய விசயம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரம் என்றால் பிரெவில் பம்பினோ உடனே சூடாகும், லண்டனில் அதற்கு சேஜ் என்று பெயர்.

பாலையூற்றுத் தம்பி சொன்ன ஒன்றாக இருக்கும் மெசின் பிழையில்லை. ஆனால் கிறைண்டர் பழுதானால் மெசினும் சேர்ந்து மேசையை விட்டு இறங்கும். தனித்தனியே இருப்பது எனக்கு விருப்பம்.

கிண்ணியா வாசகி:

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கேத்திலின் அடியைப் பாருங்கள் தங்கச்சி. வெள்ளையாகப் படிந்திருந்தால் அதே படிவு மெசினின் மெல்லிய குழாய்க்குள்ளும் ஏறும். கடற்கரைக் கிணறு கோடையில் உவர்க்கவும் செய்யும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு இருந்தால் அதைப் பில்டரில் விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் போத்தல் தண்ணீர். பற்றரிக்கு விடும் தண்ணீர் மட்டும் வேண்டாம், கோப்பி சப்பென்று இருக்கும். இடைக்கிடை சிற்றிக் அமிலம் கரைத்து ஓட்டிக் கழுவுங்கள்.

அம்மாவின் பாலுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் பால்மாதான் பாவிக்கிறோம். முழு ஆடைப் பால்மாவைக் கட்டி இல்லாமல் நன்றாகக் கரைத்து, பிரிஜ்ஜில் குளிரவைத்துவிட்டு ஆவி பிடித்தால் நல்ல நுரை வரும். கட்டி இருந்தால் ஆவிக் குழாயின் நுனி அடைத்துக்கொள்ளும். சாடியை உள்ளங்கையில் வைத்திருக்க முடியாத சூட்டில் நிறுத்துங்கள், 60 முதல் 65 பாகை. கையோடு ஈரத் துணியால் குழாயைத் துடைத்து ஒருமுறை ஆவியைத் திறந்துவிடுங்கள்.

உப்புவெளிப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. அத்தானிடம் சொல்லிவிட்டேன், கே6 கொண்டுவருகிறார். இன்னும் இரண்டு கேள்வி. அம்மா மல்லி, சுக்கு சேர்த்து வறுத்து அரைக்கும் கோப்பித்தூளை மெசினில் போடலாமா? 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்படி வந்தால் மெசின் சும்மாதான் கிடக்குமா?

உவர்மலை வைண்டர்:

அம்மாவின் தூளை மெசினில் போடவேண்டாம். மல்லியின் உமி கோப்பி போல அமராது, வாசமும் கூடையை விட்டுப் போகாது. அது கேத்திலில் கொதித்த தண்ணீரை ஊற்றி வடித்துக் குடிக்கவேண்டிய கோப்பி, அதன் ருசி அங்கேதான். மெசினுக்குக் கொட்டையாக வாங்குங்கள். நுவரெலியா, கண்டிப் பக்கத்து அரபிக்கா கிடைக்கிறது. பையில் வறுத்த திகதி இருக்கவேண்டும். வறுத்து ஒரு கிழமை கழித்துத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் முடிப்பது நல்லது. மாரி மழையில் கொட்டை ஈரம் இழுக்கும், காற்றுப் புகாத போத்தலில் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், கிளிக்கையும் அப்போது திருத்தவேண்டி வரும்.

கரண்டுக்குப் பயம் என்றால் பிளேயர் போன்ற கை நெம்புகோல் மெசின் இருக்கிறது. தண்ணீரை அடுப்பில் கொதிக்கவைத்து ஊற்றிக் கையால் அழுத்துவது. அதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கவேண்டாம். எஸ்பிரசோவின் மேல் அந்தப் பொன்னிற நுரையை முதலில் வரவைத்ததே 1940களின் கடைசியில் மிலானில் அக்கிலே காஜியா செய்த நெம்புகோல் மெசின்தான். உங்கள் கிறைண்டரும் கையால் சுற்றுவது என்பதால் இருட்டிலும் கோப்பி கிடைக்கும். ஆனால் ஆவி இல்லை, அம்மாவின் பாலைத் தனியே நுரைக்கவேண்டும்.

மெசின் வருமுன் குசினிச் சுவரைப் பாருங்கள். 1,450 வாட் மெசின் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக் அதைத் தாங்காது. 13 அம்பியர் பொயின்ற் ஒன்று இழுக்கச் சொல்லுங்கள், ஏர்த் வயர் உண்மையிலேயே மண்ணில் இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது இருக்கும் பிளக்கின் படத்தை இங்கே போட்டால் நானே பார்த்துச் சொல்கிறேன்.