முகம் பார்க்காத நியாயம்: சில அனுபவங்கள்

இம்மாதப் பகிர்வுக்கான கேள்வி: தேவனிடத்தில் பட்சபாதமில்லை (ரோமர் 2:11) என்ற வசனம் உங்கள் ஊழியத்தில் உங்களையே தொட்ட வேளை எது?

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து ஒரு சகோதரர்:

எங்கள் திருச்சபையின் சகாய நிதிக்கு நான் ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். ஒரு வியாழக்கிழமை இரவு இரண்டு விண்ணப்பங்கள் எங்கள் குழுவின் முன் வந்தன. முதலாவது, சபையில் பலரும் மதிக்கும் ஒரு மூப்பருடைய மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக 2,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டது. அதை வாசித்து முடித்த உடனேயே ஒப்புக்கொண்டோம். இரண்டாவது, பி.பி.ஆர். எனும் அரசாங்கக் குறைந்த வாடகை அடுக்குமாடியில் குடியிருந்த ஒரு பெண்ணுடையது. கணவர் சிறையில் இருந்தார். மாதம் 124 வெள்ளி வீதம் மூன்று மாத வாடகை, அதாவது 372 வெள்ளி, நிலுவையில் இருந்தது. அந்தப் பெண்ணை எதிரில் உட்கார வைத்து, கணவர்மீது என்ன வழக்கு, அவர் குடிப்பாரா, உறவினர்கள் ஏன் உதவவில்லை, ஞாயிறு ஆராதனையில் உங்களை நாங்கள் பார்த்ததே இல்லையே என்றெல்லாம் கேட்டேன். அவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். பணத்தை வீண் செலவாகாமல் காத்துவிட்டேன் என்றுதான் அன்று நான் நினைத்தேன்.

எங்கள் கூட்டக் குறிப்புகளை எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். அடுத்த மாதம் கையொப்பமிடுவதற்காக ஏட்டைத் திறந்தபோது, முதல் விண்ணப்பத்தின் கீழ் "கேள்விகள் இல்லை" என்றும், இரண்டாவதன் கீழ் நான் கேட்ட பதினொரு கேள்விகளை ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அவர் எழுதியிருப்பதைக் கண்டேன். அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும்" நியாயந்தீர்க்க வேண்டும் என்று லேவியராகமம் 19:15 சொல்கிறது. நான் பெரியவரின் முகத்துக்கு அஞ்சினேன். அந்தப் பெண்ணின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. ரோமர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை அன்றுவரை வேறு யாருக்கோ எழுதப்பட்டதைப்போல வாசித்து வந்திருக்கிறேன். ஆனால் பவுல் அங்கே மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்ப்பவனை, நீ யாரானாலும் உனக்குப் போக்குச்சொல்ல இடமில்லை என்று நேருக்கு நேர் நிறுத்துகிறார். கிருபையைப் பற்றி வாலிபர் கூட்டங்களில் பலமுறை பேசியவன் நான். எனக்குக் கிருபை கிடைத்தபோது ஆண்டவர் என்னிடம் எத்தனை கேள்விகள் கேட்டார்?

குழுவின் சம்மதத்தோடு 372 வெள்ளியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நிலுவையைப் பக்கத்து வீட்டு மலாய் மாக்சிக் (அம்மா வயதுப் பெண்) ஏற்கெனவே செலுத்திவிட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான், அவர் பணத்தைவிடப் பெரிதாகச் சுமந்துகொண்டிருந்த பாரம் வெளியே வந்தது. ரப்பர் தோட்டத்தில் பிறந்த அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. அதனால் அவருக்கு அடையாள அட்டை இல்லை. அடையாள அட்டை இல்லாததால் கோயிலில் தாலி கட்டி நடந்த திருமணமும் பதிவாகவில்லை. பதிவாகாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையையே பார்க்கும் என்பதால், தகப்பன் மலேசியக் குடிமகனாக இருந்தும், எட்டு வயது மகன் எந்த நாட்டுக்கும் உரியவனாக இல்லை. சட்டத்தை விளக்கித்தான் சொல்கிறேன், அதிகாரிகளைக் குறைகூறவில்லை. எங்களுக்குப் பொறுமையாக வழிகாட்டியவர்களும் உண்டு.

அன்று முதல், பிறப்பும் அடையாள அட்டையும் பதியும் தேசியப் பதிவு இலாகாவின் வரிசையில் நான்கு முறை அவரோடு நின்றிருக்கிறேன். அந்நியன்மேல் அன்புவைத்து அவனுக்கு அன்னவஸ்திரம் கொடுக்கிறவர் என்று உபாகமம் 10:18 தேவனைக் குறித்துச் சொல்வதை அந்த வரிசையில்தான் மெதுவாக விளங்கிக்கொண்டு வருகிறேன். இப்போது, தாயின் பிறப்பை நேரில் அறிந்த ஒருவருடைய சத்தியப் பிரமாணம் இருந்தால் உதவும் என்கிறார்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறிப் பல ஆண்டுகளாகின்றன. அங்கிருந்தவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு சகோதரர்:

நான் கத்தோலிக்கன். எங்கள் திருவிவிலியத்தில் அந்த வசனம், கடவுள் ஆள்பார்த்துச் செயல்படுவதில்லை என்று இருக்கிறது. சகோதரர் எடுத்துக்காட்டிய லேவியர் வசனத்தின் முற்பகுதியை, அதாவது எளியவன் என்பதற்காகச் சலுகை காட்டாதே என்பதைப் பற்றி எனக்கு ஓர் அனுபவம் உண்டு. எங்கள் பங்கு ஆலயத்தில் மெழுகுவர்த்திக் காணிக்கைப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட ஓர் ஏழை இளைஞர் அதிலிருந்து பணம் எடுத்ததை நாங்கள் அறிந்தோம். பாவம், கஷ்டப்பட்ட பையன் என்று சொல்லி, கேட்காமலே விட்டுவிட்டோம். அதை அருள் என்றே நினைத்தோம். ஓராண்டு கழித்து அவரே வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வசதியான வீட்டுப் பிள்ளை எடுத்திருந்தால் கூப்பிட்டுக் கேட்டிருப்பீர்கள், என்னைப் பதில் சொல்லத் தகுதியுள்ள மனிதனாகக்கூட நீங்கள் எண்ணவில்லை என்று அவர் சொன்னபோது என்னால் தலைநிமிர முடியவில்லை. சிலுவையில் பாவம் மூடி மறைக்கப்படவில்லை; தீர்க்கப்பட்டது. அதனால்தான் மன்னிப்பும் மெய்யானது என்பதை அவரிடமிருந்து கற்றேன். மாதம் 50 வெள்ளியாக முழுவதையும் அவர் திருப்பித் தந்தார். ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு வரும் திருப்பயணிகளுக்கு ஆண்டுதோறும் என்னோடு தண்ணீர் கொடுக்கிறார். காணிக்கைப் பக்கம் மட்டும் இன்றும் வரமாட்டார். நானும் வற்புறுத்துவதில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு சகோதரி:

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தவர். தோட்டத்துச் சிற்றாலயத்தில் கிராணி வீட்டாருக்கு முன்வரிசையில் நாற்காலி, பால் எடுக்க ரப்பர் மரம் சீவிய தொழிலாளர்களுக்குப் பாய். தேவனுடைய வீட்டில் அந்த நாற்காலி எப்படி வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

செந்தூல் சகோதரருக்கு: அது எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள். அப்பாவோடு வேலை செய்தவர்களில் சிலர் கோல சிலாங்கூர், ரவாங் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பாட்டி லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பல பிள்ளைப்பேறுகளைப் பார்த்தவர். சனிக்கிழமை காலை நான் வண்டி எடுத்து வருகிறேன், அந்தத் தாயையும் அழைத்துக்கொண்டு போய்க் கேட்டுப் பார்ப்போம்.