பிறந்து மூன்று நாளான முயல் குட்டி சில்லிட்டுக் கிடக்கிறது, பின்னங்காலில் காயமும் உள்ளது: அவசர உதவி தேவை

கேட்பவர், ஜூரோங் வெஸ்ட் (வியாழன், காலை 6.40)

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளரும் இரண்டு முயல்களில் ஒன்று திங்கட்கிழமை விடியற்காலையில் நான்கு குட்டிகளை ஈன்றது. இரண்டு முயல்களுமே பெண் என்று சொல்லித்தான் எங்களுக்கு விற்றார்கள் என்பதால், அது சினையாக இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்று காலை பார்த்தபோது நான்கில் மிகச் சிறியது பெட்டிக்கு வெளியே, கூண்டின் கம்பித் தரையில் கிடந்தது. உடல் குளிர்ந்து தோல் நீலம் பாய்ந்திருக்கிறது. எப்போதாவது வாயை மட்டும் திறக்கிறது. வலது பின்னங்காலில் கம்பி கிழித்ததுபோல் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு காயம் உள்ளது, இரத்தம் நின்றுவிட்டது. மற்ற மூன்றும் வயிறு நிறைந்து தூங்குகின்றன.

காயத்தில் மஞ்சள் வைத்து, பசும்பாலைச் சூடாக்கிச் சொட்டுச் சொட்டாக வாயில் விடச் சொல்கிறார் அம்மா. மனிதர் கை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று பக்கத்து வீட்டு மாமா எச்சரித்ததால் தொடவும் அஞ்சுகிறேன். விலங்கு மருந்தகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அதுவரை நான் என்ன செய்யவேண்டும்?

மறுமொழி, யீஷூன் (காலை 6.52)

தம்பி, தயவுசெய்து பால் எதுவும் கொடுக்காதீர்கள். இப்போது அதற்கு வேண்டியது சூடு மட்டுமே. உடல் சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது, விழுங்கும் திறனும் இருக்காது, ஆகவே வாயில் விடும் பால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறும். பட்டினியைவிட அதுதான் குட்டிகளை விரைவில் கொல்லும்.

குட்டியை உடனே கையில் எடுத்து, சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது ஒரு புட்டியில் வெந்நீர் நிரப்பித் துண்டால் இரண்டு சுற்றுச் சுற்றி, சிறு அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைக்கட்டும். மறுபக்கத்தைச் சூடில்லாமல் விடுவது, குட்டிக்கு அதிகமாகச் சூடேறினால் நகர்ந்துகொள்வதற்காக. முடி உலர்த்தும் கருவியோ வெந்நீரில் முக்குவதோ கூடாது. சூடு மெல்ல ஏறவேண்டும், அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அசைவில்லை என்பதால் இறந்துவிட்டதென்று முடிவுகட்டிவிடாதீர்கள். சில்லிட்ட குட்டி பிணம்போலவே தோன்றும். இளஞ்சிவப்பு நிறம் திரும்பி நெளியத் தொடங்குவதை நான் இருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நம் ஊர் வெப்பம் போதாதா என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தாய் பிடுங்கிப் போட்ட முடிக்குள், உடன்பிறப்புகளோடு ஒட்டிக் கிடந்தால்தான் அந்தக் கூட்டில் 30 டிகிரிக்கு மேல் நிலைக்கும். முடியே முளைக்காத குட்டிக்கு விடியற்காலைக் கம்பித் தரையும் மின்விசிறிக் காற்றும் தாங்கமுடியாத குளிர்.

மாமா சொன்னது வீட்டு முயல்களுக்குப் பொருந்தாது. உங்கள் கையின் வாசனை தாய்க்குப் பழக்கமானதுதான்.

மறுமொழி, தெம்பனிஸ் (காலை 7.15)

மஞ்சள் வேண்டாம் என்பதையும் அம்மாவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள். தாய் குட்டியை நக்கும்போது பூசியதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். தூள் காயத்தில் ஒட்டிக்கொண்டால் மருத்துவர் பார்ப்பதும் கடினமாகும். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புக் கரைசலைக் கைச்சூட்டுக்குக் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து ஒற்றினால் போதும். உடல் சூடேறிய பிறகு அதைச் செய்யுங்கள். ஈரம் மறுபடியும் குளிரச் செய்துவிடும். ஈக்களும் எறும்புகளும் காயத்தைத் தேடி வரும் என்பதால் பெட்டியின்மேல் மெல்லிய வலைத்துணி போட்டு, அடியில் தண்ணீர்த் தட்டு வையுங்கள்.

கேட்பவர் (காலை 8.05)

நெளிகிறது! நிறமும் மாறிவிட்டது. ஆனால் வயிறு குழிந்து, தோல் சுருங்கியிருக்கிறது. தாய் நேற்றிரவு முதல் பெட்டிக்குள் போகவே இல்லை. அது குட்டிகளைக் கைவிட்டுவிட்டதா?

மறுமொழி, யீஷூன் (காலை 8.14)

மிகுந்த மகிழ்ச்சி. தாய் கைவிடவில்லை. முயல் ஒரு நாளில் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை, ஐந்து நிமிடத்துக்குள் பாலூட்டிவிட்டு விலகி இருக்கும் பிராணி. காட்டில் இரை தேடும் விலங்குகளைக் கூட்டின் பக்கம் ஈர்க்காமலிருக்க ஏற்பட்ட பழக்கம் இது. மற்ற மூன்றின் வயிறு நிறைந்திருப்பதே அது வந்துபோனதற்குச் சான்று. உங்கள் குட்டி காம்பைக் கவ்வியபடியே இருந்து, தாய் பெட்டியைவிட்டுத் தாவியபோது வெளியே விழுந்திருக்கலாம், அடிக்கடி நடப்பதுதான். விழுந்த குட்டியை முயல் வாயில் கவ்வித் தூக்கி வராது, நாய் பூனைகளைப்போல் அல்ல.

இப்போது தாயை மெதுவாகப் பிடித்து, தலையைத் தடவி அமைதிப்படுத்திப் பெட்டிக்குள் நிறுத்துங்கள். நலிந்த குட்டியை மட்டும் அடியில் காம்பருகே விடுங்கள். தாய்ப்பாலுக்கு ஈடாக எதுவும் இல்லை. முயல்பால் பசும்பாலைவிடப் பலமடங்கு கொழுப்பும் புரதமும் செறிந்தது. குடிக்காவிட்டால் மட்டும் பூனைக் குட்டிக்கான பால்மாவோ ஆட்டுப்பாலோ கொடுக்கலாம்: ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில், குட்டியை மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடித்து, துளித்துளியாக, அது தானே நக்கும் வேகத்தில். இந்த வாரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 2.5 மில்லி, நாளுக்கு இரு வேளை என்பது பொதுவான அளவு. உங்கள் குட்டி சிறியது, ஆகவே மருத்துவர் சொல்வதே கணக்கு.

மறுமொழி, தெம்பனிஸ் (காலை 8.20)

புறப்படும் முன் தொலைபேசியில் அழைத்து, முயல் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். எல்லா மருந்தகங்களிலும் இருப்பதில்லை. டாக்சியில் குளிர்சாதனத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் (நுண்ணுயிர்க்கொல்லி மருந்து) எதையும் வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். அது முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே ஆபத்தாக முடியும்.

கேட்பவர் (ஞாயிறு, இரவு 9.10)

உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தாயைப் பிடித்து நிறுத்தியதும் குட்டி நான்கு நிமிடம் குடித்தது. எலும்பு முறியவில்லை என்று சொன்ன மருத்துவர், காயத்தைச் சுத்தம் செய்து, முயலுக்கு ஏற்ற மருந்து கொடுத்தார். வியாழக்கிழமை 34 கிராம் இருந்தது இன்று சமையலறைத் தராசில் 47 கிராம். கூண்டின் கம்பித் தரையை அட்டையால் மூடி, பெட்டியின் விளிம்பையும் உயர்த்திவிட்டோம்.

மறுமொழி, யீஷூன் (இரவு 9.25)

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பெண் என்று விற்கப்பட்ட அந்த இன்னொரு முயல் இன்னும் அதே கூண்டில்தான் இருக்கிறதா? குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடியும் சினையாகக்கூடும். உடனே பிரித்துவிடுங்கள். விதையகற்றும் அறுவை செய்தாலும் சில வாரங்களுக்கு ஆண் முயலுக்கு வீரியம் இருக்கும் என்பதால், அதற்குப் பிறகும் தனியாகவே வையுங்கள்.

கேட்பவர் (இரவு 9.40)

திங்கள் முதல் இன்றுவரை ஒன்றாகத்தான் இருந்தன. இப்போதுதான் அதை என் அறைக்கு மாற்றினேன். பன்னிரண்டு நாள் கழித்து வயிற்றைத் தடவிப் பார்க்க மருத்துவரிடம் நேரம் கேட்கிறேன். சினையாக இருந்தால், குட்டி போட்ட திங்களிலிருந்து 31ஆம் நாள் பிரசவம் என்று கணக்கிட்டு, 28ஆம் நாளான திங்கட்கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டிருக்கிறேன். விளிம்பு உயர்ந்த பெட்டியும் உலர்புல்லும் அன்று தயாராக இருக்கும்.