புதுப்பிப்பு: பரந்தன் வீட்டில் சில சனல்கள் மட்டும் உடைந்த கதை

மாரி தொடங்கியதிலிருந்து கேபிள் ரீவியில் சில சனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன, மற்றவை பளிச்சென்று வருகின்றன, ஏன் என்று கேட்டிருந்தேன். பூஸ்டர் (சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) போடச் சொன்னவர்கள்தான் அதிகம். தேவைப்படவில்லை.

கேபிள்காரத் தம்பி மீற்றரோடு வந்து முதலில் கம்பத்தில் அளந்தார். அங்கே எல்லாம் சரி. வீட்டுக்குள் மேல் அலைவரிசைகளின் வலு மட்டும் விழுந்திருந்தது. சனல்களை வெவ்வேறு அலைவரிசைகளில் ஏற்றித்தான் ஒரே வயரில் அனுப்புகிறார்கள். அலைவரிசை கூடக் கூட வயரில் இழப்பும் கூடும். ஈரம் ஏறினால் அந்த இழப்பு இன்னும் மோசமாகும்.

ஈரம் இருந்த இடம் கூரைத் தாழ்வாரத்து இணைப்பு. கழற்றினால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது; வயருக்குள் சுற்றியிருக்கும் கம்பிப் பின்னல் கறுத்து, நடுவிலுள்ள செம்பில் பச்சை பிடித்திருந்தது. ஈரம் ஏறிய நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக இணைத்தார். வயரைச் சற்றுத் தொய்ய விட்டார், மழைத்தண்ணீர் இணைப்புக்கு ஓடாமல் கீழேயே சொட்டிவிடும்.

அப்புறம், ஒரே ஒரு ரீவிக்கு, ஒரு வயரை நாலு வயராகப் பிரிக்கும் நாலுவழிப் பிரிப்பான் மாட்டியிருந்தது! யார் மாட்டியதோ. ஒவ்வொரு வழியிலும் ஏறக்குறைய 7 டெசிபெல் போகும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு வலுதான் மிஞ்சும். அதையும் கழற்றியாயிற்று.

பூஸ்டர் ஏன் உதவாது? கெட்டுப்போன இடத்துக்குப் பிறகு மாட்டினால் சமிக்ஞையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். பிரிப்பான் கட்டாயம் தேவையென்றால், வயர் மாட்டாமல் சும்மா கிடக்கும் வாய்களுக்கு, சமிக்ஞை திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் 75 ஓம் மூடி போடுங்கள்.